இனிகோ அண்ணன் விட்ட மூன்று வரி

இனிகோ அண்ணன் எதை வாசித்தாலும் முதலில் வாயைக் குவித்து நெஞ்சிலிருக்கும் மூச்சை எல்லாம் வெளியே ஊதிவிடுவார். பிறகு மூக்கு வழியாக நிதானமாக ஒரு பெரிய மூச்சு இழுப்பார். அதன் பிறகுதான் முதல் சொல் வரும். கல்யாணப் பத்திரிகையின் புரூப் என்றாலும் இப்படித்தான், உப்பளக் கம்பெனியின் பில் புத்தகம் என்றாலும் இப்படித்தான். ஒவ்வொரு பத்தி தொடங்கும்போதும் ஒரு தடவை. பத்தியின் நடுவில் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. பதினொரு வருடம் அதே அறையில் தரையில் உட்கார்ந்து தாள் மடித்துக்கொண்டிருந்தேன். என் வேலைக்குக் கை போதும். கண்ணும் காதும் சும்மாதான் இருந்தன.

அவர் முத்துக்குளித்தவர். ஐம்பத்தைந்தில் சர்க்கார் முத்துக்குளிப்பு நடத்தியபோது அவருக்குப் பத்தொன்பது வயது. கல்லைக் காலில் கொடுத்துக் கடலுக்குள் இறங்கி, சிப்பியை அள்ளிக்கொண்டு கயிற்றை ஆட்டினால் மேலே இழுப்பார்கள். மூன்றாவது பருவத்தில் இடது காதிலிருந்து ரத்தம் வந்தது. அத்தோடு கடல் போயிற்று. எட்டாம் வகுப்பு வரை படித்திருந்ததால் பங்குச் சாமியார் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்து எங்கள் அச்சகத்துக்கு அனுப்பினார். மாதா கோயிலுக்கு மேற்கே இரண்டு தெரு தள்ளி, ஓடு போட்ட நீளமான கட்டடம். ஒரு டிரெடில் இயந்திரம், ஈய எழுத்துகள் கிடக்கும் கேஸ்கள், ஜன்னலோரம் முதலாளியின் மேசை. முதலாளி பெயர் ஜெபசிங். இயந்திரத்தை மிதிப்பவர் வெள்ளத்துரை அண்ணன். எழுத்துகளைப் பொறுக்கி அடுக்கும் கம்பாசிட்டர் இனிகோ அண்ணன்.

முதலாளிக்கு ஒரே ஒரு சட்டம் உண்டு. கொடுத்தவர் எழுதிக்கொண்டு வந்த காப்பியில் என்ன இருக்கிறதோ அதுதான் அச்சில் வர வேண்டும். தவறென்று தெரிந்தாலும் கம்பாசிட்டர் அதைத் திருத்தக் கூடாது. உள்ளபடி அடுக்கிவிட்டு, ஒரு தாளில் ஒற்றிப் புரூப் எடுத்து, அந்த இடத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட வேண்டும். கொடுத்தவர் பார்த்துச் சொல்லட்டும். ஒரு தடவை ஒரு மாப்பிள்ளை வீட்டார் கல்யாணக் கிழமையையே மாற்றி எழுதிக்கொண்டு வந்தார்கள். இனிகோ அண்ணன் தவறான கிழமையையே அடுக்கினார், பக்கத்தில் கேள்விக்குறியும் போட்டார். “கம்பாசிட்டருக்குக் கண்ணுதான் உண்டு, வாய் கிடையாது” என்று அவரே சொல்லுவார். பதினெட்டு வருடம் அப்படித்தான் இருந்தார்.

எழுபத்தேழாம் வருடம் மந்திரமூர்த்தி வாத்தியார் தன் கையெழுத்துக் கட்டோடு வந்தார். உயர்நிலைப் பள்ளியில் சரித்திரம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர், குலசேகரன்பட்டினம் பக்கத்துக்காரர். ரஷ்ய மன்னர்கள் நானூறு வருடத்துக்கு முன்னாலிருந்து எப்படி வேற்று இன மக்களைத் தங்கள் ஆட்சிக்குள் கொண்டுவந்தார்கள் என்பதைப் பற்றிய புத்தகம் அது. தூத்துக்குடியில் இருந்துகொண்டு இதை ஏன் எழுதினார் என்று வெள்ளத்துரை அண்ணன் கேட்டார். வாத்தியார் சொன்னார். வருடங்களுக்கு முன்னால் ஒரு ரஷ்யக் கப்பலின் மாலுமிகள் ஐந்து பேர் கடற்கரைச் சாலையில் இளநீர் குடித்துக்கொண்டிருந்தார்களாம். ஐந்து முகமும் ஐந்து விதம். நீங்கள் எல்லாரும் ரஷ்யர்களா என்று இவர் கேட்டதற்கு, சப்பை மூக்குக்காரன் ஒருவன் தலையை ஆட்டி மறுத்து, சிகரெட் பெட்டியில் தன் இனத்தின் பெயரை எழுதிக் கொடுத்தானாம்.

“அதை வச்சு ஆரம்பிச்சதுதான். எட்டு வருசம் ஆச்சு” என்றார் வாத்தியார்.

“ஒரு இளநீருக்கு எட்டு வருசமா சார்” என்றார் வெள்ளத்துரை அண்ணன்.

வாத்தியாருக்கு இரண்டு கண்ணிலும் புரை வளர்ந்துகொண்டிருந்தது. கட்டின் முதல் பக்கங்களில் எழுத்து சின்னதாக இருந்தது. போகப் போகப் பெரிதாகி, கடைசியில் ஒரு பக்கத்துக்குப் பத்து வரிதான். அச்சிட்ட எழுத்தை அவரால் வாசிக்கவே முடியாது. அதனால் புரூப் எடுத்ததும் இனிகோ அண்ணன் சத்தமாக வாசிப்பார், வாத்தியார் கையெழுத்துக் கட்டை மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிக் கேட்பார். கேள்விக்குறி போட வேண்டிய இடத்தில் இனிகோ அண்ணன் வாயால் கேட்பார். வாத்தியாரின் வாக்கியங்கள் நீளமானவை. “சார், இதைப் படிக்க முத்துக்குளிச்சவன்தான் லாயக்கு” என்று வெள்ளத்துரை அண்ணன் சொல்லும்போது வாத்தியாருக்குப் பெருமையாக இருக்கும்.

அந்தப் புத்தகம் எங்கள் அச்சகத்தைப் படுத்தியது. கஸான், ஸார், சுவாஷ், யாசாக் என்று வருகிற பெயர்களுக்கு ஸ், ஷ் எழுத்துகள் போதவில்லை. நான்கு பக்கம் அடுக்கினால் கேஸ் காலி. அந்த நான்கு பக்கத்தையும் அச்சடித்து, எழுத்துகளைப் பிரித்துத் திரும்பக் கேஸில் போட்டால்தான் அடுத்த நான்கு பக்கம். அடித்தது அடித்ததுதான். பின்னால் போய் ஒரு எழுத்தைக்கூட மாற்ற முடியாது.

இனிகோ அண்ணன் அந்தப் புத்தகத்தை அடுக்கியது போல வேறெதையும் அடுக்கி நான் பார்த்ததில்லை. சைபீரியக் காட்டில் வேட்டையாடிப் பிழைத்தவர்கள் வருடா வருடம் மன்னருக்குக் கட்டிய தோல் வரிக்கு யாசாக் என்று பெயர். ஆளுக்கு இத்தனை கீரித் தோல் என்று கோட்டையில் எண்ணி வாங்குவார்கள். கீரி மாதிரி ஒரு பிராணி, வாத்தியார் அப்படித்தான் எழுதியிருந்தார். அதை அடுக்கும்போது இனிகோ அண்ணன் என்னிடம் சொன்னார்: “அங்கன தோலு, இங்கன சிப்பி. கரையில ஒருத்தன் எண்ணுததுக்குன்னே உக்காந்திருப்பான், செல்லக்கனி.”

வரி ஒழுங்காக வர வேண்டும் என்பதற்காகத் தலைவர்களின் பிள்ளைகளைக் கோட்டைக்குள் பிணையாக வைத்திருந்தார்கள் என்று ஒரு இடம் வந்தது. தோல் கொண்டுவந்தால் பிள்ளை உயிரோடு இருப்பதைக் காட்டுவார்கள். புரூப் வாசித்துக்கொண்டிருந்தவர் நிறுத்தினார்.

“சார், கேள்விக்குறி இல்ல, சும்மாதான் கேக்கேன். அந்தப் பிள்ளைங்க என்ன ஆச்சு?”

“பாதிக்கு மேல தெரியாது இனிகோ. எழுதி வைக்கல.”

“தோலை மட்டும் எழுதி வச்சிருக்கான்.”

“அதானே அவனுக்கு வேண்டியது.”

அடுத்து வோல்கா நதிக்கரை. சுவாஷ்காரர்களும் அவர்களது அண்டை மக்களும் கூட்டம் கூட்டமாக ஞானஸ்நானம் பெற்ற கதை. அது இருநூற்று முப்பது வருடத்துக்கு முன்னால் நடந்தது. ஞானஸ்நானம் பெற்றால் ஒரு சிலுவை, ஒரு சட்டை, மூன்று வருடத்துக்கு வரி கிடையாது. பட்டாளத்துக்கு ஆள் கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த வரியும் ஆளும், ஞானஸ்நானம் பெறாத பக்கத்து வீட்டுக்காரன் தலையில் விழும். வாத்தியார் இதை நான்கு பக்கம் எழுதியிருந்தார். சட்டையைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனவன் பழையபடி தன் சாமி இருந்த தோப்புக்குப் போய்க் கும்பிட்டதையும், அவன் மனம் என்ன பாடுபட்டிருக்கும் என்பதையும். நூற்றுப் பதின்மூன்றிலிருந்து நூற்றுப் பதினாறு வரை. இனிகோ அண்ணன் அந்த நான்கு பக்கத்தையும் வாசித்து முடித்தபோது வெள்ளத்துரை அண்ணன்கூடக் கிண்டல் செய்யவில்லை. அச்சடித்து எழுத்துகளைப் பிரித்துப் போட்டாயிற்று.

அடுத்த நான்கு பக்கத்தை அடுக்கத் தொடங்கிய அன்று இனிகோ அண்ணன் மத்தியானம் சாப்பிடவில்லை. எழுத்து அடுக்கும் ஸ்டிக்கைக் கையில் வைத்துக்கொண்டு காப்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஒன்றும் கேட்கவில்லை. எனக்குக் கேட்கத் தெரியாது. ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவள், யாரிடமும் முதலில் பேசிப் பழக்கமில்லாதவள். சாயங்காலம் அடுக்கி முடித்துப் புரூப் எடுத்தார். மறுநாள் வியாழக்கிழமை வாத்தியார் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

இனிகோ அண்ணன் வாசித்தார். நூற்றுப் பதினேழாம் பக்கத்தின் இரண்டாவது பத்தியில், நடுவில், வாயைக் குவித்து மூச்சை வெளியே ஊதினார். ஒரு மூச்சு இழுத்தார். பிறகு வாசிப்பைத் தொடர்ந்தார். என் கை நின்றது. வாத்தியார் கண்ணைத் திறக்கவில்லை. முடிந்ததும், “சரி, நான் நாளைக்கு வந்து சொல்லுதேன், அடிக்க வேண்டாம்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை காலையில் இனிகோ அண்ணன் வருவதற்கு முன்னால் வாத்தியார் வந்துவிட்டார். முதலாளியும் இல்லை. என்னிடம் வந்து குனிந்தார்.

“ஏளா, நீ எழுத்துக் கூட்டி வாசிப்பியா?”

“மெதுவா வாசிப்பேன் சார்.”

“மெதுவாவே வாசி. இந்தப் பத்தியை என் கையெழுத்துல வாசி. பொறவு புரூப்புல வாசி.”

வாசிக்காமல் இருந்திருக்கலாம். கண் சரியில்லை சார், எழுத்து புரியவில்லை சார் என்று எதையாவது சொல்லியிருக்கலாம். பெரியவர் கேட்கிறார் என்று வாசித்துவிட்டேன். கையெழுத்தில் இருந்தது புரூப்பில் இல்லை. இதுதான் அது: “நமது முத்துக்குளித்துறையிலும் இதே கதைதான், ஒரு சட்டைக்காக மதம் மாறிய வோல்காக் கரை மக்களைப் போலவே, கடலில் ஒரு காவலுக்காக ஊர் ஊராகத் தங்களை விற்றுக்கொண்டவர்கள் நம் கடற்கரையிலும் இருந்தார்கள்.” அச்சில் மூன்று வரி வரும்.

இனிகோ அண்ணனின் முன்னோர் அப்படி ஞானஸ்நானம் பெற்றவர்கள்தான். ரஷ்ய மன்னர் வோல்காக் கரையிலிருந்த கஸானைப் பிடிப்பதற்கும் பதினைந்து வருடம் முன்னால்.

இனிகோ அண்ணன் உள்ளே வந்தபோது என் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டார். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். வாத்தியார்தான் முதலில் பேசினார்.

“பத்தி நடுவுல மூச்சு விட்டியே இனிகோ. எட்டு வருசம் எழுதினது. என் வரி எனக்கு மனப்பாடம்.”

“ஆமா சார். விட்டுட்டேன். தெரிஞ்சுதான் விட்டேன்.”

“கண்ணு தெரியாதவன்தானேன்னா?”

“அப்படித்தான் ஆயிப்போச்சு” என்றார்.

“நான் எழுதினது பொய்யா? ஒரே வருசத்துல, ரெண்டு வருசத்துல, ஊர் ஊரா நடந்ததா இல்லையா? கடல்ல சண்டை, காவல் வேணும், போர்த்துக்கீசுக்காரன்கிட்டப் போனாங்க. இதெல்லாம் உங்க கோயில் புத்தகத்துலயே இருக்கு.”

“இல்லைன்னு சொல்லல சார்.”

“பொறவு?”

“சுவாஷ்காரனுக்கு நாலு பக்கம் எழுதியிருக்கீங்க. சட்டையை வாங்குனான், வீட்டுக்குப் போனான், தோப்புக்குப் போனான், ராத்திரி தூக்கம் வரலைன்னு எல்லாம் எழுதியிருக்கீங்க. நான் அடுக்கும்போது எனக்கே அவன் மேல இரக்கமா இருந்துச்சு. எங்களுக்கு மூணு வரி. அதுலயும் வித்துட்டாங்கன்னு. எங்க ஆளுங்க இருக்குத தருவைகுளத்துக்கு ஒரு நாள் பஸ்ஸுல போயிட்டு வந்திருந்தாக்கூட வேற மாதிரி எழுதியிருப்பீங்க.”

வாத்தியாரின் முகம் சிவந்தது. “வாசிக்கிறவனுக்குப் புரியணும்னு பக்கத்துல இருக்கிறதை எடுத்துச் சொன்னேன்.”

“பக்கத்துல இருக்கிறவன் மூணு வரியிலே புரிஞ்சிருவானா சார்?”

வெள்ளத்துரை அண்ணன் இயந்திரத்தைத் துடைப்பது போலப் பாவனை செய்துகொண்டே நின்றார். வாத்தியார் சொன்னார்: “சரி. நீ சொல்லு. உங்க ஆளுங்க என்ன நினைச்சு அதைச் செஞ்சாங்க? சொல்லு, எழுதுதேன். நாலு பக்கம் கூட எழுதுதேன்.”

“எங்க ஆளுங்களைக் கேட்டுட்டு வாரேன், திங்கக்கிழமை வரைக்கும் குடுங்க” என்றார் இனிகோ அண்ணன்.

அதற்குள் முதலாளி வந்துவிட்டார். அடுக்கிய நான்கு பக்கப் பாரம் அடிக்காமல் கிடக்கிறது என்றதும் கத்தினார். “ஏலே, ஜெபஸ்தியான் கல்யாணப் பத்திரிகை நிக்குது. இருக்கிற ஸ் எல்லாம் ரஷ்யாக்காரன்கிட்ட மாட்டிக்கிட்டு. மாப்பிள்ளை பேரை எப்படிலே போடுவேன்?” வாத்தியார் தனக்குத்தான் ஒரு திருத்தம் இருப்பதாகவும், அதைத் திங்கட்கிழமை தருவதாகவும் சொன்னார். இனிகோ அண்ணன் செய்ததைச் சொல்லவில்லை.

அந்த இரண்டு நாளும் நடந்ததை எனக்குப் பிற்பாடு சொன்னது இனிகோ அண்ணனின் மனைவி பிளாரன்ஸ் அக்கா. சனிக்கிழமை வேலை முடிந்ததும் இனிகோ அண்ணன் தன் சித்தப்பா பவுலிடம் போயிருக்கிறார். சித்தப்பா கரையில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார்.

“சித்தப்பா, நாம எதுக்குக் கிறிஸ்து வேதத்துக்கு வந்தோம்?”

“என்னல கேள்வி இது? காய்ச்சலா?”

“சொல்லுங்க.”

“நாம எப்பல வேற வேதத்துல இருந்தோம்? மாதா கப்பல்ல வந்தா, நாம கரையில நின்னோம். போ, போயி சோறு தின்னு.”

ஞாயிறு பூசை முடிந்ததும், பூசைக்கு உதவும் கோயில்பிள்ளையைக் கேட்டார். சவேரியார் வந்து மணியடித்துக் கூப்பிட்டார், எல்லாரும் வந்தார்கள் என்றார் கோயில்பிள்ளை. அவர் வருவதற்கு ஐந்தாறு வருடம் முந்தியே ஞானஸ்நானத் தண்ணீர் ஊற்றியாயிற்றே என்று இவர் சொன்னதற்கு, “அப்ப உனக்கே தெரியுதே, என்னை ஏன் கேக்க?” என்றாராம். படகுக்காரர் ஒருவர், நம் முத்தை நாமே எடுக்கத்தான் என்றார். இன்னொருவர், பயத்தில்தான் என்றார். மூன்றாவது ஆள் அடிக்கவே வந்துவிட்டார், வேதத்தைப் பழிக்கிறான் என்று.

வீட்டுக்கு வந்து பேசாமல் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்து, மீன் ஆய்ந்துகொண்டிருந்த பிளாரன்ஸ் அக்கா கேட்டிருக்கிறார். அவர் எல்லாவற்றையும் சொன்னார். அக்கா சொன்னது இது: “தலைவனுங்க எதுக்குப் போனானுங்கன்னு எழுதியிருக்கும். தண்ணி ஊத்தின அன்னைக்குச் சாயங்காலம் ஒருத்தி பிள்ளைக்குக் கஞ்சி காய்ச்சித்தான் குடுத்திருப்பா. அவ என்ன நினைச்சான்னு யாருக்குத் தெரியும்? அவளுக்கே தெரிஞ்சுதோ என்னமோ.”

திங்கட்கிழமை வாத்தியார் முதல் ஆளாக வந்து உட்கார்ந்திருந்தார். இனிகோ அண்ணன் அவர் முன்னால் நின்றார்.

“கேட்டேன் சார். ஆளுக்கு ஒண்ணு சொல்லுதாங்க. ஒண்ணாவது நீங்க அச்சுல போடுத மாதிரி இல்ல.”

“அப்ப என் வரி?”

“அடுக்கித் தாரேன் சார். காப்பி உங்களோடது. நான் அதைத் தொட்டிருக்கக் கூடாது.”

இதைச் சொல்லிவிட்டு அவர் நின்ற விதம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. தோற்றவர் மாதிரி இல்லை. ஏதோ ஒன்றைத் தேடிப் பார்த்துவிட்டு, இல்லை என்று தெரிந்துகொண்டு வந்தவர் மாதிரி. கேஸுக்குப் போய் ஸ்டிக்கை எடுத்தார். முதல் வரியைப் பாதி அடுக்கியும்விட்டார். எழுத்துகள் ஸ்டிக்கில் விழும் சத்தம் வாத்தியாருக்குக் கேட்டிருக்கும்.

“இனிகோ, நிறுத்து” என்றார். “நேத்து முழுக்க நானும் யோசிச்சேன். அந்தச் சுவாஷ்காரனுக்குத் தூக்கம் வரலைன்னு எழுதினேனே, அது எனக்கு எப்படித் தெரியும்?”

“உங்க புத்தகத்துல இருக்கும் சார்.”

“யாரு எழுதின புத்தகம்? தண்ணி ஊத்தப் போன சாமியாரு எழுதினது. வரி எண்ணப் போனவன் எழுதினது. அவங்க எழுதினதுல ஒரு வார்த்தையை வச்சுக்கிட்டு மீதிய நான்தான் எழுதினேன். தூரத்து ஆளு, யாரும் வந்து கேக்க மாட்டான்னு நாலு பக்கம் இரக்கப்பட்டுட்டேன்.”

வாத்தியார் மடியிலிருந்த கையெழுத்துக் கட்டை எடுத்துக் கீழே வைத்தார்.

“அந்த நாலு பக்கத்தை எடுக்க முடியுமா?”

“முடியாது சார். அடிச்சாச்சு. செல்லக்கனி மடிச்சும் வச்சிட்டா.”

வாத்தியார் தலையை ஆட்டினார். பிறகு வாயாலேயே சொன்னார், இனிகோ அண்ணன் எழுதாமல் நேராக எழுத்தாக அடுக்கினார். “இந்தக் கடற்கரையிலும் மக்கள் ஊர் ஊராக ஞானஸ்நானம் பெற்றார்கள். கடலில் காவல் கிடைத்தது என்பது தெரியும். அவர்கள் மனதில் என்ன இருந்தது என்று அவர்களே சொன்னது எனக்குக் கிடைக்கவில்லை. வோல்காக் கரை மக்கள் சொன்னதும் கிடைக்கவில்லை. எழுதி வைத்தவர்கள் எல்லாரும் ஆளப் போனவர்களே. இதற்கு முந்தைய நான்கு பக்கங்களையும் வாசகர் இதை மனதில் வைத்தே வாசிக்க வேண்டும்.”

இனிகோ அண்ணன் புரூப் எடுத்து வாசித்துக் காட்டினார். “கேள்விக்குறி உண்டா?” என்று வாத்தியார் கேட்டார். “இல்ல சார்” என்றார். பாரத்தை இறுக்கி இயந்திரத்துக்கு எடுத்துப் போனார்.

அது அச்சாகி முடிந்த பிறகு, மத்தியானம், அவரே முதலாளியின் மேசைக்குப் போய் வியாழக்கிழமை தான் செய்ததைச் சொன்னார். வாத்தியார் தடுத்தும் கேட்கவில்லை. முதலாளி கத்தவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, “கண்ணு தெரியாத மனுசன்கிட்டப் போயி இப்படிச் செஞ்சிட்டியே இனிகோ” என்றார். “இனி நீ புரூப் வாசிக்க வேண்டாம். அடுக்குறதோட இருந்துக்க.”

“சரி முதலாளி” என்றார் இனிகோ அண்ணன்.

வாத்தியார் மீதிப் புத்தகத்துக்கு அவர்தான் வாசிக்க வேண்டும் என்று இரண்டு முறை கேட்டார். முதலாளி ஒருவேளை விட்டுக்கொடுத்திருப்பார். இனிகோ அண்ணன் சம்மதிக்கவில்லை. “ஒரு தடவை விட்டவன் மறுபடி விட மாட்டான்னு என்ன சார் நிச்சயம்? உங்களுக்கு ஒவ்வொரு பத்தியிலும் சந்தேகம் வரும், எனக்கும் வரும்” என்றார். சத்தியராஜ் என்ற புதுக் கம்பாசிட்டர் வாசித்தார். அவருக்கு அந்த வாக்கியங்களின் நடுவிலேயே மூச்சு வாங்கியது. வாத்தியார் பொறுத்துக்கொண்டார்.

புத்தகம் எழுபத்தெட்டில் வெளிவந்தது. நான்தான் தைத்தேன். ஐந்நூறு பிரதிகள். வாத்தியாருக்கு மதுரையில் ஒரு கண்ணில் ஆபரேஷன் ஆகி, இப்போது தடித்த கண்ணாடியோடு தானே வாசிக்கிறார். மாதத்துக்கு ஒரு முறை பஸ் ஏறி எந்தக் கடற்கரை ஊருக்காவது போய் யாருடனாவது பேசிவிட்டு வருகிறார் என்று சொல்கிறார்கள். எழுதுகிறாரா என்பது எனக்குத் தெரியாது.

இன்று எழுபத்தொன்பது கார்த்திகை. இனிகோ அண்ணன் அதே அச்சகத்தில் எழுத்து அடுக்குகிறார். புரூப் வாசிப்பது சத்தியராஜ். புத்தகத்தில் ஏறக்குறைய இருநூறு பிரதிகள் விற்காமல் பரணில் இருக்கின்றன. நூற்றுப் பதினேழாம் பக்கத்தைப் பற்றி இதுவரை யாரும் வந்து கேட்கவில்லை.